திடப்படுத்தலுக்குப் பிறகு: இளையோர் விசுவாசமும் சபையின் பொறுப்பும்

தென்மாவட்டச் சபைகளில் திடப்படுத்தல் ஆராதனை கல்யாண வீட்டுக் களையோடு நடக்கும். பேராயர் வருவார். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலையிலும் பையன்கள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையிலும் வரிசையாக முழங்கால்படியிடுவார்கள். தலைமேல் கை வைத்து ஜெபம், அன்றைக்கே முதல் நற்கருணை, வீட்டுக்கு வந்தால் பிரியாணி. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வரிசையில் இருந்த பலரைச் சபை பார்ப்பது கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் மட்டும்தான். அதன்பின் அவர்கள் பெயர் ஆலயத்தில் கேட்பது கல்யாண ஓலை வாசிக்கும்போது.

ஏன் என்று கேட்டால் பதில் எல்லாரிடமும் தயாராக இருக்கிறது. செல்போன், டியூஷன், நீட் கோச்சிங், காலம் கெட்டுப்போச்சு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஞாயிறு காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் பயிற்சி மையங்களோடு ஆலய மணி போட்டி போட வேண்டியிருக்கிறது. ஆனால் அதே பையன்தான், சபையே கூடிச் சமைத்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு விடிய விடிய விழித்திருந்து அண்டா தூக்குகிறான். டிசம்பர் குளிரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு மெழுகுவர்த்தியோடு தெருத்தெருவாக நடக்கிறான். நேரம் இல்லை என்பது முழுக் காரணமாக இருந்தால் இவை நடக்கக் கூடாது.

சபைகள் இளையோருக்காக நிறையக் கூட்டங்கள் நடத்துகின்றன, இளையோரோடு சேர்ந்து செய்வதோ மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். வரலாற்றைப் பார்த்தாலும் சரி, ஆய்வுகளைப் பார்த்தாலும் சரி, விசுவாசம் கைமாறியதெல்லாம் இரண்டாவது வழியில்தான்.

மணியடித்துக் கூட்டிய பிள்ளைகள்

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருவில் இறங்கினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரிக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார் என்பது பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. கற்றதை அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு குவிந்து, எல்லா இடத்துக்கும் தானே போக முடியாதபோது, ஜெபம் தெரிந்த சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பி ஜெபிக்க வைத்தார். கடற்கரைக் கிராமங்களில் கத்தோலிக்க விசுவாசம் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வேர்விட்டு நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளைகளை மாணவர்களாக மட்டும் வைக்காமல் ஊழியர்களாக்கியது அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய கொஞ்ச காலத்திலேயே பள்ளி தொடங்கினார், லுத்தரின் ஞானோபதேச வினாவிடையைத் தமிழாக்கினார். படிப்பும் விசுவாசமும் ஒரே கூரையின்கீழ் என்ற ஏற்பாடு தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளின் அடையாளமாகவே ஆனது. அந்த மரபின் அழகான பலன் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயதுப் பையனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்த் தன் பொறுப்பில் படிக்கவைத்தவர் மிஷனெரி சுவார்ச் ஐயர். பின்னாளில் சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஒரு பெரியவர் ஒரு பையனின் பெயர் அறிந்து, திறமை அறிந்து, கூடவே வைத்திருந்தார். இதற்குத் திட்டமோ பாடநூலோ தேவைப்படவில்லை.

இன்று நாம் வைத்திருக்கும் அமைப்புகள் பெரும்பாலும் பிற்காலத்தில் மேற்கிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தருவதற்காக வந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1881இல் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி சங்கம், இளையோர் தாங்களே கூட்டம் நடத்தி, தாங்களே குழுக்களாகப் பிரிந்து வேலை செய்யும் ஏற்பாடு. விடுமுறை வேதாகமப் பள்ளி நியூயார்க் தெருப்பிள்ளைகளுக்காகத் தொடங்கி, நம் ஊரில் மே மாத வெயிலின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது. இம்மூன்றுமே ஒரு தேவையைக் கண்ணால் பார்த்தவர்கள் தொடங்கியவை. நாம் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். தேவையைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிற்று.

இந்த வரலாற்றில் தமிழர்கள் அடிக்கடி நினைக்க வேண்டிய பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர் பணியில் சேர்ந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி அனுப்புவதைக் கண்டார். திரும்பி வந்து மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. 1912இல் தோர்ணக்கல் பேராயரானபோது முப்பத்தெட்டு. இன்று பல சேகரங்களில் முப்பத்தெட்டு வயதுக்காரரை ‘தம்பி, நீங்க வாலிபர் ஐக்கியத்தைப் பாத்துக்கோங்க’ என்று ஓரமாக உட்கார வைக்கிறார்கள்.

வளர்ப்பா, மனமாற்றமா

இளையோர் விசுவாசம் பற்றிய பழைய விவாதம் ஒன்று இன்னும் முடியவில்லை. 1847இல் அமெரிக்கப் போதகர் ஹொரேஸ் புஷ்னெல், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை தான் கிறிஸ்தவனாக இல்லாத ஒரு நாளை அறியாமலே வளர வேண்டும் என்று வாதாடினார். எழுப்புதல் கூட்டங்களின் அலை அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளைப் பாவிகளாக வளரவிட்டு, பிறகு ஒரே இரவில் மனந்திரும்ப வைக்கும் முறையை அவர் எதிர்த்தார்.

நம் ஊரில் இந்த இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. காலையில் பெற்றோரோடு சி.எஸ்.ஐ. ஆலயத்தில் பாமாலை, மாலையில் நண்பர்களோடு பெந்தெகொஸ்தே சபையின் யூத் மீட்டிங் என்று இரண்டு இடத்துக்கும் போகும் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் ஏராளம். அந்த மாலைக் கூட்டத்தைப் பழைய சபைகள் ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். அங்கே போகிற பிள்ளை எதைத் தேடிப் போகிறது என்று விசாரிப்பது குறைவு. பெரும்பாலும் கிடைக்கிற பதில் எளியது: அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எனக்காக ஜெபிக்கிறார்கள், கீபோர்டு வாசிக்க விடுகிறார்கள்.

முகாம்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் கேம்ப், கடைசி இரவு விளக்கைக் குறைத்து, மெல்லிய இசையில் அர்ப்பணிப்பு அழைப்பு. கண்ணீரோடு எழுந்து நிற்கும் பிள்ளைகளில் உண்மையாகவே வாழ்க்கை திரும்பியவர்கள் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் எழுந்து நின்று, ஒவ்வொரு ஜூலையிலும் குற்ற உணர்வோடு உட்கார்ந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. முகாமில் தொற்றிய தீ அணையாமல் இருக்க, ஊருக்குத் திரும்பிய பிறகு வாரா வாரம் யாராவது அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும். முகாம் நடத்தும் அமைப்புகளால் அது முடியாது. உள்ளூர்ச் சபையால் முடியும்.

ஆய்வுகள் சொல்வது

விசுவாசம் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவதை அளந்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் தலைமையில் 2002–03இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். அவர்களில் 267 பேரை நேரில் சந்தித்தும் பேசினார்கள். 2005இல் வந்த நூலின் முடிவு பெற்றோரைத் திடுக்கிட வைத்தது. பிள்ளைகள் மதத்துக்கு விரோதிகள் அல்லர். பெரும்பாலோர் பெற்றோரின் மதத்தையே அமைதியாகப் பின்பற்றினார்கள். ஆனால் என்ன நம்புகிறாய் என்று கேட்டபோது பலருக்கு வார்த்தை வரவில்லை. நல்லவனாக இரு, கஷ்டத்தில் கடவுள் உதவுவார் என்பதோடு நின்றுவிட்டது. பிள்ளையின் விசுவாசத்தை மிக அதிகமாகத் தீர்மானிப்பது பெற்றோரின் விசுவாசமே என்றும் அந்த ஆய்வு காட்டியது.

வெர்ன் பெங்ட்சன் என்பவர் தலைமுறைகளைத் தொடர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் செய்த ஆய்வு 2013இல் நூலானது. அவர் கண்டது இன்னும் நுட்பமானது. பெற்றோர் பக்திமான்களாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளைக்கும் அவர்களுக்கும் இடையே நெருக்கம் இருக்க வேண்டும். குறிப்பாகத் தகப்பனோடு. பக்தியுள்ள, ஆனால் கடுகடுப்பான அப்பாவின் விசுவாசம் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது கடினம். தாத்தா பாட்டியின் பங்கும் பெரிது என்கிறார். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் பெயர் சொல்லி நினைவுகூர்வதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரசங்கம் முடியும்வரை ஆலயத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் பைக்கில் சாய்ந்து நிற்கும் அப்பாக்களுக்குத்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் இளையோர் ஆய்வு மையம். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போன சபைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த அவர்கள், ஒரு பிள்ளைக்குச் சபையில் ஐந்து பெரியவர்களாவது உண்மையான நட்பில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2016இல் வந்த அவர்களின் நூல் ஒன்று, இளையோர் தங்கி வளரும் 250க்கும் மேற்பட்ட சபைகளை ஆராய்ந்தது. பெரிய கட்டடமோ, நவீன இசையோ, கவர்ச்சியான போதகரோ அங்கெல்லாம் பொதுவாக இல்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொடுக்கும் தலைமையும், அன்பான உறவும் இருந்தன.

அமெரிக்கச் சூழலை அப்படியே திருநெல்வேலியில் பொருத்த முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்திலோ கிட்டத்தட்ட 47 விழுக்காடு. இங்கே கிறிஸ்தவன் என்பது பிறப்போடும் ஊரோடும் சாதியோடும் ஒட்டிய அடையாளம். விசுவாசம் வற்றினாலும் அடையாளம் வற்றாது. எனவே இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் வீட்டுக் குறைகள்

முதலில் மனப்பாடம். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், சங்கீதம், வினாவிடை, ஞாயிறு பள்ளித் தேர்வு, சான்றிதழ், பரிசாக டிபன் பாக்ஸ். மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போது புத்தகம் இல்லாமல் வாயில் வரும் சங்கீதத்தின் அருமை கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். குறை அங்கேயே நின்றுவிடுவதில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ‘டைனோசர் எந்த நாளில் படைக்கப்பட்டது டீச்சர்?’ என்று கேட்டால் ‘வாயாடாதே, உட்காரு’ என்பதே இன்னும் பல வகுப்புகளில் விடை. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டதாக லூக்கா எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தையும் நாம் மனப்பாட வசனமாகவே நடத்துகிறோம். கேள்வியைத் திடப்படுத்தல் வகுப்பில் கேட்க முடியாத பிள்ளை அதை யூடியூபில் கேட்கும். அங்கே பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது வாசிப்பு. சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தின் அடித்தளம் 1871இல் வெளிவந்த ஹென்றி பவரின் திருத்தம். பெரியவர்களுக்கு அதன் ஓசையே பக்தி. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கோ எழுத்துக்கூட்டுவதே பாடு. வாலிபர் ஞாயிறன்று அந்தப் பிள்ளையை மேடையேற்றி வாசிக்கச் சொல்லி, தடுமாறும்போது பின்வரிசையில் சிரிப்பதைவிட, முந்தின வாரம் ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதே பகுதியை இரண்டு தடவை வாசிக்கக் கேட்டால் போதும். ஆங்கில ஆராதனை ஒன்றைத் தனியாகத் தொடங்குவது சுலபமான வழி. அது பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமிருந்து பிரித்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சபை அரசியல்தான் எனக்குப் பெரிய கவலை. திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி, சுவரொட்டி, வேன், வழக்கு. ஐந்தாண்டு ஞாயிறு பள்ளியில் படித்ததைவிட அந்த மூன்று மாதத்தில் பிள்ளைகள் சபையைப் பற்றி அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். சாதியும் அப்படியே. விழுப்புரம் பகுதியின் எறையூரில் 2008இல் ஒரே பங்கின் கத்தோலிக்கர்களுக்குள் மூண்ட சாதிப் பிணக்கு துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. தனிக் கல்லறையும் தனித் தெருவும் இருக்கும் சபையில் அன்பைப் பற்றிய பிரசங்கத்தை எந்த இளைஞன் நம்புவான்? தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவராகும் தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம் என்று வாழும் பிள்ளைக்கு மேடையிலிருந்து ‘தைரியமாய் அறிக்கை செய்’ என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசச் சபையில் ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். முடிவெடுக்கும் கமிட்டியில் அவர்களில் எத்தனை பேர்? 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்று, சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயரானார். உச்சியில் திறந்த கதவு சேகரத்தில் இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது. போப் பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய திருத்தூது ஊக்கவுரை, திருச்சபைக்குள் நடந்த பாலியல் கொடுமைகளை மறைக்காமல் பேசியது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தால் புகார் செய்வது கட்டாயம். ‘சபை மானம் போகும்’ என்று மூடி மறைப்பது சட்டப்படியே குற்றம். ஞாயிறு பள்ளி ஆசிரியர், முகாம் பொறுப்பாளர், பாடகர் குழுத் தலைவர் எல்லாருக்கும் எழுத்தில் விதிகள் இருக்க வேண்டும். பிள்ளை பாதுகாப்பாக உணராத இடத்தில் வேறெதுவும் வளராது.

எங்கே நடக்கிறது

அசனத்துக்கு முந்தின இரவைக் கவனித்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மலைபோல் குவிந்த காய்கறியை நறுக்குகிறார்கள். அடுப்பங்கரையில் வயதான சமையல்காரர் ஒருவர் உப்புப் பதம் பார்க்க ஒரு கல்லூரி மாணவனைக் கூப்பிடுகிறார். விறகு தள்ளிக்கொண்டே ஒரு மாமா, 1992 வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு ஆலயத்தைத் திறந்துவிட்ட கதையைச் சொல்கிறார். யாரும் யாருக்கும் போதிக்கவில்லை. மறுநாள் பந்தியில் அந்தப் பையன் வாளியோடு ஓடும்போது அது அவனுடைய சபை. அன்று மாலையே வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேர உரை கேட்கும்போது அவன் வெறும் பார்வையாளன்.

இதை அசனத்தோடு விட்டுவிடாமல் ஆண்டு முழுவதற்கும் நீட்ட முடியும். நோயாளிகளைச் சந்திக்க சேகரகுரு போகும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போகலாம். கணக்குப் படித்த மாணவியைக் காணிக்கை எண்ணும் மேசையில் பெரியவர்களோடு உட்கார வைக்கலாம். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் வீடுகளில் நடப்பதால் பேரனும் பாட்டியும் ஒரே பாயில் உட்கார்ந்து வாசகத்தைப் பகிர்கிறார்கள். புராட்டஸ்டண்ட் சபைகள் வெட்கப்படாமல் கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் கையாளும் ‘பார், ஆராய், செயல்படு’ முறையும் அப்படித்தான். பெல்ஜியத்தில் கார்டைன் என்ற குரு, தொழிற்சாலை இளைஞர்களுக்காக வகுத்தது அது. ஊர் ஏரியில் குப்பை கொட்டுகிறார்கள் என்றால் அதைப் பற்றி ஜெபிப்பதோடு நிற்காமல் போய்ப் பார்த்து, மனுக் கொடுத்து, அதன்பின் வசனத்தைத் திறக்கும் பிள்ளைக்கு வசனம் வேறு மாதிரி பேசும்.

ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாசரேத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவனை வழியனுப்ப ஜெபம் நடத்துகிறோம். அங்குள்ள போதகருக்கு ஒரு போன் செய்வதில்லை. முதல் மாதத்துக்குள் யாராவது ஒரு குடும்பம் அவனை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தால் அவன் ஆலயத்துக்குப் போவான். அழைக்காவிட்டால் விடுதியில் தூங்குவான். கடந்த ஐந்து ஆண்டுகளில் திடப்படுத்தல் பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், கடைசியாக அவர்களோடு பேசியது யார் என்று பட்டியல் எடுக்க ஒரு சேகரத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

இதற்கெல்லாம் ஆசிரியர்கள் வேண்டும். நம் ஞாயிறு பள்ளிகள் கல்லூரி முதலாண்டுப் பெண்களின் நல்ல மனதை மட்டுமே நம்பி ஓடுகின்றன. கையில் ஒரு பாடப்புத்தகமும் சாக்பீஸும் கொடுத்து நாற்பது பிள்ளைகள் முன் நிறுத்திவிடுகிறோம். கஷ்டமான கேள்வியை எப்படி எதிர்கொள்வது, அமைதியான பிள்ளையை எப்படிப் பேச வைப்பது, வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வரப்போகும் சேகரக் கமிட்டியில் ஆண்டுக் கணக்கு வைக்கும்போது, உறுப்பினர்கள் தயவுசெய்து இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பந்தலுக்கும் சீரியல் பல்புக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவானது எவ்வளவு, ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குச் செலவானது எவ்வளவு. இரண்டாவது வரியே இல்லை என்றால், இந்த ஆண்டு அதைச் சேர்க்கும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். அதை முன்மொழிய இருபது வயதுக்காரர் ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.